பானையில் ஒரு விதை கூடுதல்

ஊற்றுமலைத் தோட்டம், லுணுகலை
1913 ஆனி 6

அன்புத் தங்கை வடிவம்மாவுக்கு அக்கா கனகம் எழுதிக்கொண்டது. மழையும் மூட்டமுமாக இருந்தாலும் என் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. நீயும் மாப்பிள்ளையும் எப்படி இருக்கிறீர்கள்?

திருச்சியில் கல்லூரியில் படித்து, இருபது வருஷம் அங்கேயே கற்பித்தவள் எதற்காக இந்த மலைக்கு வந்தாள் என்று பதுளையில் கேட்கிறார்களாம். பதுளைக்கு ஒரு நாள் வண்டித் தூரத்தில் இருக்கலாம் என்றுதான் வந்தேன். உன் வீட்டிலேயே வந்து தங்க முடியாத காரணம் நம் இருவருக்கும் தெரியும். அது கிடக்கட்டும்.

எனக்குத் தந்திருப்பது பிள்ளைக்காம்பரா. தாய்மார் கொழுந்து பறிக்கப் போகும்போது குழந்தைகளை விட்டுச் செல்லும் தகரக் கூரை அறை அது. நாலு வயதும் ஐந்து வயதுமாக இருபத்திரண்டு பிள்ளைகள். அவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலாயி என்ற பெண்ணுக்கு என்னைவிடப் பத்து வயது குறைவு, வாய் பத்து மடங்கு அதிகம். பள்ளிக்கூடத் தலைமை ஆசிரியர் நல்லையா நல்ல மனிதர். தோட்டத் துரை மட்டும் ஒரு நிபந்தனை வைத்திருக்கிறார். தை மாதம் பள்ளிப் பரிசோதகர் வருவார். இருபது பிள்ளைகளாவது நிலைத்து, அவர் முன்னால் எண்ணிக் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் அறை மண்வெட்டி வைக்கும் கொட்டகையாகிவிடும்.

முதல் நாளே ஒரு தவறு செய்தேன். பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, தலையைத் தொட்டுத் தொட்டு "ஒன்று, இரண்டு" என்று எண்ணிக் காட்டினேன். மறுநாள் வந்தது ஆறே பேர். வேலாயி இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள்.

"ஏங்க வாத்தியாரம்மா, பெத்த புள்ளைகள யாராச்சும் தலைய எண்ணுவாங்களா? காலையில பெரட்டுக் களத்துல எங்கள நிப்பாட்டி எண்றாங்களே, அது பத்தாதா?"

நம் அம்மாவும் பந்தியில் நம்மை எண்ண விடமாட்டாளே. படிப்பு அதை மறக்கடித்துவிட்டது. இப்போது வேறு வழி கண்டிருக்கிறேன். வாசலில் ஒரு மண்பானை. உள்ளே வரும் பிள்ளை ஒரு விதையைப் போட வேண்டும், வீட்டுக்குப் போகும்போது ஒன்றை எடுக்க வேண்டும். நானும் போடுகிறேன், வேலாயியும் போடுகிறாள். பிறகு பானையைக் கவிழ்த்து விதைகளை எண்ணுகிறோம். பிள்ளைகளை யாரும் எண்ணவில்லை. எல்லாரும் திரும்பி வந்துவிட்டார்கள்.

எனக்கு விதைகள் வேண்டும். புளியங்கொட்டை, மஞ்சாடி, எதுவானாலும் சரி. குன்றிமணி மட்டும் வேண்டாம், வாயில் போட்டால் நஞ்சு. வண்டிக்கார அலவி நானாவிடம் கொடுத்தனுப்பு.

உன் அக்கா,
கனகம்


பதுளை
1913 ஆடி 3

என் அன்பான அக்காவுக்கு வடிவம்மாவின் வணக்கம். இங்கே அவரும் நானும் நலம். மலைக்காற்று உங்களுக்கு ஒத்துக்கொள்கிறதா? கம்பளி போதாவிட்டால் எழுதுங்கள்.

உங்கள் கடிதத்தை அவருக்குப் படித்துக் காட்டினேன். பெரட்டு விஷயம் கேட்டுச் சிரித்துவிட்டு, "உங்க அக்காவையே மடக்க ஒருத்தி இருக்காளா, அவளுக்கு ஒரு படி அரிசி கொடுத்தனுப்பு" என்றார். அனுப்பியிருக்கிறேன். வேலாயியிடம் கொடுங்கள்.

கடையில் இப்போது ஆடிக் கூட்டம். பின்கட்டில் உட்கார்ந்து மிளகும் சீரகமும் பொட்டலம் கட்டுவது இன்னமும் என் வேலைதான். நேற்று ஒரு வாண்டு பொட்டலத்தை வாங்கிக்கொண்டு அசையாமல் நின்றது. "என்னடா?" என்றேன். "கொசுறு எங்க?" என்றது. எனக்கு ரோஷம் வந்துவிட்டது. கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில் கொசுறு போடாமல் நான் ஒரு பொட்டலமும் மூடியதில்லை. பிரித்துக் காட்டிய பிறகுதான் அது நகர்ந்தது.

பெரிய மூட்டையில் இருக்கும் விதைகள் உங்கள் பிள்ளைகளுக்கு. அதோடு ஒரு சின்னப் பொட்டலம் இருக்கிறது, மஞ்சாடி. அது உங்களுக்கு. மூட்டையோடு கலந்துவிடாதீர்கள். மாதம் பிறந்ததும் ஒரு பொட்டலம் வரும். எதற்கு என்று கேட்டு எழுத வேண்டாம் அக்கா.

உங்கள் தங்கை,
வடிவு


ஊற்றுமலைத் தோட்டம்
1913 ஆவணி 14

செல்லத் தங்கை வடிவுக்கு, நான் சௌக்கியம். நீ சாப்பிடுகிறாயா, தூங்குகிறாயா? ஒளிக்காமல் எழுது.

அரிசியை வாங்கிக்கொண்டு வேலாயி, "பதுளை ஐயா வீட்டுக்காரவுக நூறு வருசம் நல்லா இருக்கணும்" என்றாள். பிறகு, "ஒரு படிக்கே நூறு வருசம்னா ரெண்டு படிக்கு எவ்வளவுன்னு புள்ளைகள்ட்ட கேளுங்க" என்றாள். கணக்கு அவளுக்கும் பிடித்துப்போயிற்று.

எங்கள் அறையில் பலகையும் இல்லை, புத்தகமும் இல்லை. போன வாரம் அறையின் நீளத்தைப் பாதத்தால் அளந்தோம். குதிகாலை விரலோடு ஒட்டி ஒட்டி வைத்து நடக்க வேண்டும். பெரியாயி என்ற பெண்பிள்ளைக்கு முப்பத்தொரு பாதம் வந்தது, வேலாயிக்குப் பத்தொன்பது. பெரியாயி கை கொட்டினாள். "வேலாயி அக்கா, ஒனக்குக் கம்மி! நாந்தான் ஜெயிச்சேன்!" வேலாயிக்குக் கோபம். "அடியே, என் காலு பெருசு, அதான் கம்மி!" பெரிய பாதத்துக்கு ஏன் எண்ணிக்கை குறைகிறது என்று பிள்ளைகள் ஒரு மணி நேரம் வாதாடினார்கள். நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. முருகையா என்ற பையன் கடைசியில் இரண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திக் காலைக் காட்டினான். அந்த நேரம் என் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும்.

துணிக்கு அடியில் விதைகளை வைத்துத் தடவிப் பார்த்தே எத்தனை என்று சொல்வது இன்னொரு விளையாட்டு. கொழுந்திலும் கணக்கு இருக்கிறது. ஒரு கிள்ளுக்கு இரண்டு இலையும் ஒரு மொட்டும். நாலு கிள்ளுக்கு எத்தனை என்று தங்கள் தாய்மாரை மடக்குகிறார்கள்.

உன் சின்னப் பொட்டலங்களைச் சன்னல் பலகையில் வரிசையாக அடுக்கி வைத்தேன். ஆடியில் வந்தது நான்கு. ஆவணியில் வந்தது ஐந்து. பெரியாயி அதன் எதிரே நின்று, "அடுத்த தடவ ஆறு வரும் வாத்தியாரம்மா" என்றாள். எப்படித் தெரியும் என்றேன். "படி மாதிரி ஏறுதுல்ல?" என்றாள்.

பிள்ளைக்குத் தெரிந்தது எனக்கு அதற்குப் பிறகுதான் தெரிந்தது. திருச்சியில் இருந்தபோது மூன்று முறை நீ நல்ல செய்தி எழுதினாய். மூன்று முறையும், நான் வாழ்த்தி எழுதிய பதில் உன் கைக்கு வருவதற்குள் உன் வீட்டில் தொட்டில் பேச்சு நின்றுபோயிற்று. இப்போது நீ ஒன்றும் எழுதவில்லை. நானும் ஒன்றும் எழுதவில்லை. விதைகள் பத்திரமாக இருக்கின்றன.

ஆசிகளுடன்,
கனகம்


பதுளை
1913 புரட்டாசி 5

அன்பு அக்காவுக்கு, எல்லாரும் நலம். எனக்குக் கொஞ்சம் அசதி, அவ்வளவுதான். உங்களுக்கு இருமல் என்று அலவி நானா சொன்னார். கண்டதிப்பிலி வைத்திருக்கிறேன், கஷாயம் போட்டுக் குடியுங்கள்.

பாதத்தால் அளக்கும் கதையைச் சொன்னதும் அவர் கடையையே தன் பாதத்தால் அளந்தார். வாசலிலிருந்து மிளகாய் மூட்டை வரை இருபத்தாறு. "கடை இவ்வளவு சின்னதா?" என்று மனம் உடைந்து போனார். என்னை அளக்கச் சொன்னார். நான் மாட்டேன் என்றுவிட்டேன். இப்போதெல்லாம் அதிகம் நடப்பதில்லை.

கருவாட்டு மூட்டைகளைப் பக்கத்துக் கிடங்குக்கு மாற்றியாயிற்று. வாடை எனக்கு ஆகவில்லை. "பதினாறு வருஷமா ஆச்சே, இப்ப என்ன?" என்று அவருடைய பெரியம்மா கேட்டார். பிறகு பெரியம்மா கேட்கவில்லை.

மாங்காய் ஊறுகாய் அனுப்பியிருக்கிறேன். பாதியை நானே தின்றுவிட்டேன், மன்னியுங்கள்.

பொட்டலம் வழக்கம்போல.

வடிவு


ஊற்றுமலைத் தோட்டம்
1913 புரட்டாசி 27

வடிவு கண்ணுக்கு, கஷாயம் குடித்தேன், இருமல் போய்விட்டது. உன் அசதி எப்படி இருக்கிறது? மாடிப்படி ஏறாதே. தண்ணீர்க் குடம் தூக்காதே. ஏன் என்று நான் சொல்லமாட்டேன், நீயும் கேட்காதே.

பொட்டலத்தில் ஆறு இருந்தது. பெரியாயி மூன்று நாள் தலைகால் புரியாமல் திரிந்தாள். அவளுக்குத்தான் முன்கூட்டியே தெரியுமே.

ஒன்றை மட்டும் எழுதிவிடுகிறேன். எழுதாவிட்டால் அது நமக்கு நடுவில் இருந்துகொண்டே இருக்கும். மூன்றாவது முறை நான் லீவு போட்டுக் கப்பலேறி உன்னைப் பார்க்க வந்தபோது, மாப்பிள்ளையின் பெரியம்மா கூடத்தில் வைத்துச் சொன்னார்: "தாலியறுத்தவ வாழ்த்துனா வயிறு தங்குமா?" நான் சமையலறையில் இருந்தேன். என் காதில் விழுந்தது. நீயும் கேட்டாயா என்று ஏழு வருஷமாக எனக்குத் தெரியாது. நீ இம்முறை ஒன்றும் எழுதாததற்கு அதுதான் காரணமென்றால் எனக்கு வருத்தம் இல்லை. இல்லை, பொய். வருத்தம் உண்டு. ஆனாலும் நீ செய்வது சரி. உன் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு ஆசை இல்லை. அதனால் உனக்குத் தீங்கு வரும் என்று நீ பயந்தால், இந்த மலையிலேயே இருந்துகொள்வேன்.

கனகம்


பதுளை
1913 ஐப்பசி 9

அக்கா,

சுகம் விசாரிக்கும் வரியை இந்த முறை கடைசியில் எழுதுகிறேன்.

நான் கேட்டேன். கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். அன்று வெளியே வந்து ஒரு வார்த்தை பேசியிருக்க வேண்டும், பேசவில்லை. அது என் குற்றம், உங்களுடையது அல்ல.

நான் எழுதாததற்கு அது காரணமும் அல்ல. மூன்று முறை "உண்டு" என்று எழுதினேன். மூன்று முறை அதே மையில் "இல்லை" என்றும் எழுதினேன். நாலாவது முறை "இல்லை" என்று எழுத எனக்குக் கை இல்லை அக்கா. அப்போதுதான் நீங்கள் பானையைப் பற்றி எழுதினீர்கள். பிள்ளையை எண்ணாமல் விதையை எண்ணலாம் என்று. எனக்கு மூச்சு விட வழி கிடைத்ததுபோல் இருந்தது. அவ்வளவுதான், இதற்குமேல் எழுதமாட்டேன்.

இவ்விடம் எல்லாம் சுகமே. உங்கள் சுகத்துக்குக் கணபதியிடம் தேங்காய் வேண்டியிருக்கிறேன்.

வடிவு


ஊற்றுமலைத் தோட்டம்
1913 ஐப்பசி 18

என் வடிவுக்கு, உன் கடிதத்தை நாலு முறை படித்தேன். மனம் லேசாக இருக்கிறது. உடம்பும் அப்படியே.

ஏழு விதைகள் வந்து சேர்ந்தன.

இப்போது வளையல் விளையாட்டு நடக்கிறது. லுணுகலைக் கடையில் மூன்று டஜன் கண்ணாடி வளையல் வாங்கினேன். தரையில் வட்டங்களாக வைத்து, ஒரு வட்டத்தில் சிவப்பு விதை, ஒன்றில் கறுப்பு, ஒன்றில் சொரசொரப்பானது என்று பிரித்துப் போடுவார்கள். சிவப்பும் வழுவழுப்புமாக இருக்கும் மஞ்சாடியை எந்த வட்டத்தில் போடுவது என்று சண்டை. முருகையா இரண்டு வளையலையும் ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி நகர்த்தி, நடுவில் வைத்தான். ஐந்து வயது அவனுக்கு!

வளையல் மிஞ்சிவிட்டது. ஏழு பச்சை வளையல்களைப் பிள்ளைகளே வைக்கோல் சுற்றிப் பெட்டியில் அடுக்கினார்கள். என் கை அதில் படவில்லை. பெரியாயி வைத்தாள், ஐந்து பிள்ளை பெற்ற ரெங்கம்மா கட்டினாள். விளையாட்டுச் சாமான்தான். உனக்குப் பொருந்தினால் போட்டுக்கொள்.

அக்கா


பதுளை
1913 கார்த்திகை 10

அன்பு அக்காவுக்கு, நானும் அவரும் நலம். அங்கே குளிர் அதிகமாமே, காலுக்கு உறை போடுங்கள்.

வளையல் ஒன்றுகூட உடையாமல் வந்தது. எதற்கும் ஒரு பருவம் இருக்கிறதல்லவா, கார்த்திகை பிறக்கட்டும் என்று பெட்டியிலேயே வைத்திருந்தேன். பிறந்ததும் போட்டுக்கொண்டேன். கடையில் பொட்டலம் கட்டும்போதெல்லாம் சத்தம் கேட்கிறது. அவர் கணக்கை நிறுத்திவிட்டு அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

சடங்கு எதுவும் வேண்டாம், வெளியிலிருந்து யாரும் வர வேண்டாம் என்று பெரியம்மா சொல்லிவிட்டார். 

பின்கட்டு அறையைக் கழுவி, கட்டிலுக்குப் புதுக் கயிறு போட்டு வைத்திருக்கிறேன். எதற்கு என்று அவர் கேட்டார். மழைக்கு ஒழுகுகிறதா பார்க்க என்றேன். ஒழுகவில்லை. நல்ல அறை. சன்னலில் நாலைந்து பொட்டலம் வைக்க இடம் இருக்கிறது.

வடிவு


ஊற்றுமலைத் தோட்டம்
1913 மார்கழி 28

வடிவு,

நீ சுகமா? எனக்கு வேறு கேள்வி இல்லை.

கார்த்திகைப் பொட்டலத்தில் எட்டு. அதற்குப் பிறகு உன்னிடமிருந்து ஒன்றும் இல்லை. பசறைப் பக்கம் மண் சரிந்து வண்டிப் பாதை மூடிவிட்டது, அலவி நானாவின் மாடுகள் பாதி வழியில் திரும்பின என்கிறார்கள். மழைதான் காரணம் என்று பகலெல்லாம் எனக்கே சொல்லிக்கொள்கிறேன். பெரியாயி தினமும் சன்னல் பலகையைப் பார்த்துவிட்டு, "ஒம்பது எங்க வாத்தியாரம்மா?" என்கிறாள்.

மார்கழிக்கு ஒன்பது. தை பிறந்தால் பத்து. பத்தாவது மாதத்தில் நான் இங்கே உட்கார்ந்திருக்கப் போவதில்லை.

பரிசோதகர் தை பத்தாம் தேதி வருகிறார். நல்லையாவிடம் சொன்னேன். அவர், "போங்கள் அம்மா, பிள்ளைகளுக்கு நீங்கள் சொல்லிக் கொடுத்ததைவிட அவர்களாகக் கண்டுபிடித்ததுதான் அதிகம். அது உங்களோடு பதுளைக்கு வராது" என்றார். இந்த அறை போய்விடக்கூடும். போனால் போகட்டும் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. ஆனால் வருகிறேன்.

உன்னிடம் அனுமதி கேட்கவில்லை. கேட்டால் நீ வேறு யாரிடமாவது கேட்க வேண்டியிருக்கும். பொங்கலுக்கு மறுநாள் புறப்படுகிறேன். மண் சரிந்த இடத்தை நடந்து தாண்டி, அந்தப் பக்கம் வண்டி பிடிப்பேன். இந்தக் கடிதம் முந்துமோ நான் முந்துவேனோ தெரியாது.

அக்கா


ஊற்றுமலைத் தோட்டப் பாடசாலை
1914 தை 12

மதிப்புக்குரிய கனகம் அம்மா அவர்களுக்கு நல்லையா எழுதுவது. தாங்கள் சுகமாகப் போய்ச் சேர்ந்தீர்கள் என்றும், தங்கையார் நலம் என்றும் அலவி நானா சொல்லியனுப்பினார். நிம்மதி. இங்கே பிள்ளைகள் அனைவரும் நலம்.

பரிசோதனை நடந்த விதத்தை வேலாயி சொல்லச் சொல்ல எழுதுகிறேன், அவள் வற்புறுத்தல்.

பரிசோதகர் துரையுடன் வந்து, நாற்காலியில் அமர்ந்து, "இந்த அறையில் எத்தனை பிள்ளைகள் இருக்கிறீர்கள்? எண்ணிச் சொல்லுங்கள்" என்றார். ஒரு பிள்ளையும் வாய் திறக்கவில்லை. இன்னொரு முறை கேட்டார். எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். அவர் பென்சிலை எடுத்துவிட்டார்.

அப்போது வேலாயி முன்னால் வந்து சொன்னது அவள் வார்த்தையிலேயே: "ஐயா, கோவிச்சுக்காதீங்க. எங்க புள்ளைக புள்ளைகள எண்ணாதுங்க. பானைய எண்ணச் சொல்லுங்க, எண்ணும்."

பரிசோதகர் தலையசைத்தார். பெரியாயி பானையைக் கவிழ்த்தாள். ஐந்தைந்தாக வரிசை பிடித்தார்கள். நாலு வரிசை நிறைந்து, ஐந்தாவதில் நான்கு நின்றது. "இருவத்தி நாலு" என்றாள். பரிசோதகர் தாமே எழுந்து பென்சிலால் சுட்டி எண்ணினார். பிள்ளைகள் இருபத்திரண்டு. வேலாயியும் பானையில் ஒன்று போட்டவள் என்று நான் சொன்னேன். "அப்படியானாலும் இருபத்திமூன்றுதானே? ஒன்று தவறு" என்றார்.

பெரியாயி அவரை நிமிர்ந்து பார்த்து, "தப்பில்லைங்க. வாத்தியாரம்மா பதுளைக்குப் போயிருக்காக. போறப்ப அவுக வெதைய எடுக்க மறந்துட்டாக. இன்னும் உள்ளதான இருக்காக?" என்றாள்.

பரிசோதகர் பென்சிலைச் சட்டைப் பைக்குள் வைத்துவிட்டார். பிறகு அரை மணி நேரம் தரையில் உட்கார்ந்து, துணிக்கு அடியில் விதை தடவினார். முருகையாவிடம் இரண்டு முறை தோற்றார். இந்த அறை தொடர்ந்து நடக்கலாம் என்று பதிவேட்டில் எழுதிவிட்டுப் போனார். துரையும் மண்வெட்டிகளைப் பற்றிப் பேசவில்லை.

தாங்கள் அவசரப்பட வேண்டாம். விதையை நாங்கள் எடுக்கவில்லை.

பணிவுடன்,
நல்லையா


பதுளை
1914 மாசி 16

அன்பிற்குரிய நல்லையா அவர்களுக்கும், வேலாயிக்கும், என் பிள்ளைகளுக்கும் கனகம் எழுதுவது. நான் நலம். இங்கே எல்லாரும் நலம். இந்த வரியை இவ்வளவு நிறைவாக நான் எழுதியதே இல்லை.

இத்தனை நாள் எழுதாததற்கு மன்னியுங்கள். முதலில் என் முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். முழங்கால் வரை சேற்றோடு நான் பின்கட்டு வாசலில் போய் நின்றபோது, வடிவு மிளகுப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தாள். என் கடிதம் அதுவரை வந்து சேரவில்லை. "என்ன அக்கா, அதுக்குள்ள வந்துட்டீங்க? இன்னும் ஒரு மாசம் கிடக்கே!" என்றாள். பத்தாவது மாதமாயிற்றே, விதையை எண்ணினேனே என்றேன். அவள் விழித்தாள். தன் கையில் இருந்த பொட்டலத்தைப் பார்த்தாள். மிளகை அளந்து போட்டுவிட்டு, மூடும் முன் விரல் தானாகப் போய் இன்னும் கொஞ்சம் அள்ளிப் போட்டிருந்தது. மாதா மாதம் எண்ணி வைத்த விதைகளிலும் அந்த விரல் ஒன்று கூடுதலாகப் போட்டிருக்கிறது, அவளுக்கே தெரியாமல். கொசுறு! வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. கல்லூரியில் படித்த கணக்கு இவ்வளவுதான்.

சத்தம் கேட்டு மாப்பிள்ளையின் பெரியம்மா வந்தார். "கூப்பிடாம, அதுவும் ஒரு மாசம் முந்தி வந்து நிக்கிறாளே" என்றார். நான் பெட்டியைத் தரையில் வைக்கவில்லை. மாப்பிள்ளை கதிர்காமநாதன் அதை என் கையிலிருந்து வாங்கினார். "பெரியம்மா, நம்ம கடையில கொசுறு வேணாம்னு சொன்ன ஆளு உண்டா? மதினி ஒரு மாசம் கூடுதலா வந்திருக்காங்க. இருக்கட்டும்" என்றார். பெட்டி பின்கட்டு அறைக்குப் போயிற்று. வடிவு எழுந்து வந்து பெரியம்மாவுக்கு எதிரில் என் பக்கத்தில் நின்றாள். ஏழு வருஷத்துக்கு முன் நின்ற கதவுக்குப் பின்னால் இம்முறை போகவில்லை, அது போதும்.

நேற்று முன்தினம், பகல் சோற்று வேளையில் பிள்ளை பிறந்தது. பெண். பிறந்ததும் அழவில்லை. மருத்துவச்சி தலைகீழாகப் பிடித்து முதுகைத் தேய்த்தாள். அறையில் ஒரு சத்தமும் இல்லை. எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. வடிவின் கையைப் பிடித்துக்கொண்டு எண்ண ஆரம்பித்துவிட்டேன். ஒன்று, இரண்டு, மூன்று. எதை எண்ணினேன் என்று இப்போதும் தெரியாது. பத்தைத் தாண்டியபோது என் குரலோடு இன்னொரு குரலும் சேர்ந்திருந்தது. பெரியம்மா. கதவைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, "பதினொன்னு, பன்னெண்டு" என்று எண்ணிக்கொண்டிருந்தார். பதினேழில் பிள்ளை அழுதாள்.

குளிப்பாட்டித் துணியில் சுற்றியதும், பெரியம்மா பிள்ளையை வாங்கி என் மடியில் வைத்தார். "பெரியவ நீ, மொதல்ல நீ வாங்கு" என்றார்.

பெயர் பரிமளம். எங்கள் அம்மாவின் பெயர்.

இதோடு ஒரு பொட்டலம் இருக்கிறது. வடிவு படுக்கையில் இருந்தபடியே கட்டினாள். கட்டிவிட்டுப் பிரித்துப் பார்த்தாள், மறுபடி கட்டினாள். "ஒன்னுதான் அக்கா. இந்தத் தடவ நல்லாப் பார்த்துட்டேன்" என்றாள். பெரியாயி கையில் கொடுத்து, அதைப் பானையில் போடச் சொல்லுங்கள்.

கனகம்


ஊற்றுமலைத் தோட்டப் பாடசாலை
1914 மாசி 22

மதிப்புக்குரிய அம்மா அவர்களுக்கு, தங்கையாரும் குழந்தையும் நலமாயிருக்க இங்கே தொழிலாளர் லயத்துக் கோயிலில் வேலாயி பொங்கல் வைத்தாள். நாங்கள் அனைவரும் சுகம்.

பொட்டலத்தைப் பெரியாயி எல்லார் முன்னிலையிலும் பிரித்தாள். ஒரே ஒரு மஞ்சாடி. யாருடையது என்று கேட்டாள். பதுளையில் பிறந்திருக்கும் பாப்பாவுடையது என்றேன். இரண்டு கையாலும் பிடித்துப் பானையில் போட்டாள்.

பிறகு வழக்கம்போல் கவிழ்த்து எண்ணினார்கள். ஐந்து வரிசை, ஒன்றும் குறையாமல். இருபத்தைந்து. அறையில் இருந்தது இருபத்திரண்டு பிள்ளைகளும் வேலாயியும்தான். கணக்கு ஏன் பொருந்தவில்லை என்று பிள்ளைகளிடம் கேட்டேன்.

பெரியாயி விதைகளை ஒவ்வொன்றாகப் பானையில் திரும்பப் போட்டுக்கொண்டே சொன்னாள்: "எல்லாம் சரிதாங்க. ரெண்டு பேரு இன்னும் வரல."

பணிவுடன்,
நல்லையா